பத்தடி தூரத்து முகம்

மாடிப்படியில், கீழிருந்து மூன்றாவது படியில், ஒரு நிழல் விழுந்திருந்தது.

அது அங்கே இருக்க வழியே இல்லை. அந்த வீட்டின் நிழல்களை எல்லாம் போன வாரம் அவளேதான் ஒவ்வொன்றாக அணைத்திருந்தாள். நாற்காலியின் நிழல், சுவர்க் கடிகாரத்தின் நிழல், திரைச்சீலை ஆடும்போது தரையில் நெளியும் நிழல் என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. இரண்டு கைக்குள் அடங்குகிற, கேம் ஆடுகிற அந்தச் சின்னக் கன்சோலுக்கு நிழல் போடுகிற தெம்பு கிடையாது. போடச் சொன்னால் படம் திக்கும், பின்பக்கம் சுடும், ஐந்து நிமிஷத்தில் உள்ளேயிருக்கும் விசிறி பெருமூச்சு விட ஆரம்பித்துவிடும்.

"நீங்க பாக்கணும்னு அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன் மேடம்" என்றார் கழுகு.

கழுகு என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். கேமில் பிழை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். ஒரே கதவை நானூறு தடவை திறந்து மூடச் சொன்னாலும் அலுத்துக்கொள்ளாமல் செய்வார். நானூற்றோராவது தடவையில் கதவு சுவருக்குள் போய்விடுகிறது என்று ஆதாரத்தோடு வந்து நிற்பார். ஜன்னலே இல்லாத அவருடைய சோதனை அறையில் மத்தியானம் மூன்று மணிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், சூடான பிளாஸ்டிக்கும் இருமல் மிட்டாயும் கலந்த வாசனை அடிக்கும். அதே அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் கத்தரி. வெட்டுவதுதான் அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பதால் அந்தக் கிண்டலில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

"நிழலெல்லாம் அணைச்சாச்சே" என்றாள்.

"எல்லாம் போயிருச்சு. இது ஒண்ணு மட்டும் போகமாட்டேங்குது. அதவிடக் கூத்து ஒண்ணு இருக்கு, பாருங்க." அவர் கேமராவை மெல்லச் சுற்றினார். மேல்படி, கீழ்ப்படி, கைப்பிடிச் சுவர், எங்கும் ஆளில்லை. "நிழல் இருக்கு. நிழலுக்குச் சொந்தக்காரங்க இல்ல."

அவள் குனிந்து பார்த்தாள். சின்ன உருவத்தின் நிழல். தலை மட்டும் வலது தோள் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தது, யாரோ கதை சொல்வதைக் கேட்கிற மாதிரி.

அந்தச் சாய்வை அவளுக்குத் தெரியும். "பழைய கோப்பு ஏதாவது மாட்டியிருக்கும், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். பாதி வழியில்தான் தன் கைகளை இறுக்கிப் பிசைந்துகொண்டிருப்பது தெரிந்தது.

பெரிய கன்சோலுக்காகச் செய்த கேம் அது. நாற்பது அறைகள் உள்ள ஒரு வீடு, அதில் தொலைந்துபோன தன் மகளைத் தேடும் ஓர் அப்பா. குழந்தை எங்கோ பாடும், சிரிக்கும், "இங்க இருக்கேன்" என்று கூப்பிடும். பத்தடிக்குள் நெருங்கினால் ஓடிவிடும். கடைசிவரை கைக்குக் கிடைக்காது. ஜனங்கள் பயந்து பயந்து வாங்கினார்கள். அதே கேமை, மெமரியில் நாலில் ஒரு பங்குகூட இல்லாத சின்னக் கன்சோலில் ஓட வைக்கச் சொல்லி இந்த அலுவலகத்துக்கு வேலை வந்திருந்தது. நாற்பது அறைச் சாமானை ஒற்றை அறை வீட்டுக்குக் குடிமாற்றுகிற வேலை. எதைத் தூக்கிப்போடுவது என்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம்.

அதற்கென்று தந்திரங்கள் உண்டு. அவற்றில் பெரியது, கேமரா பார்ப்பதை மட்டும் வைத்துக்கொள்வது. ஆடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் போன சோபாவை அந்த நொடியே மெமரியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவர் திரும்ப ஆரம்பித்ததும் அவசர அவசரமாகக் கொண்டுவந்து போடுவார்கள். ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. தன் முதுகுக்குப் பின்னால் உலகம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டே நடப்பார்.

குழந்தை அவளுடையது. அது இந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், கேமைச் செய்த பழைய கம்பெனியில் அவளும் அவள் கணவனும் வேலை பார்த்தார்கள். அவன் சவுண்டு எஞ்சினியர். குழந்தைக் குரல் வேண்டும் என்று வந்தபோது, வெளியே தேடுவானேன் என்று மகளையே பேச வைத்தான். ஆறு வயது. பள்ளிக்கூடப் பெயர் ஒன்று இருந்தாலும் எல்லாருக்கும் அவள் சுண்டுதான். வெளிச்சத்தம் வரக்கூடாது என்பதற்காகப் படுக்கையறைத் துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, கம்பளித் துணிகளுக்கு நடுவில் சுண்டுவை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறித் தும்மித் தும்மிச் சிரித்தாள். முகத்தையும் எல்லாப் பக்கமிருந்தும் படமெடுத்தார்கள், நடையையும் எடுத்தார்கள். கேம் வெளிவந்து ஏழாம் மாதம் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். ஆறாவது நாள் சுண்டு இல்லை.

வீட்டிலிருந்த ஒலிப்பதிவுகளை எல்லாம் ஒருநாள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சாயங்காலம் அவள் கணவன் அழித்துவிட்டான். "கேட்டா செத்துருவேன். வச்சிருந்தா கேட்டுருவேன்" என்றான். அவள் சண்டை போடவில்லை, சண்டை போட உடம்பில் ஒன்றும் இல்லை. அப்புறம் சுண்டுவின் குரல் உலகத்தில் அந்தக் கேமுக்குள் மட்டும்தான் இருந்தது. இந்த வேலை வருகிறது என்று காதில் விழுந்ததும் தானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். எல்லாரும் நல்லவர்கள், உண்மையைச் சொல்லியிருந்தால் முதுகைத் தட்டிக்கொடுத்து வேலையை வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் மேலாளர் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். உட்கார நேரமில்லாத மனிதர். எங்கேயும் பாதி உள்ளே பாதி வெளியேதான் நிற்பார்.

"மெமரி இன்னும் நாப்பது எம்பி அதிகமா இருக்கு. பத்து நாள்தான் இருக்கு. அந்தக் கொழந்தைய மாத்திருங்களேன். ரெடிமேட் குரல் நம்மகிட்டயே இருக்கு, இதுல மூணுல ஒரு பங்குதான் வரும். யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். "கத்தரிக்கே பாசமா? சரிதான் போங்க."

"ரெண்டு நாள் குடுங்க சார். நாப்பதையும் வேற எடத்துல வெட்டித் தரேன்."

"குரல் வேற லேட்டா வருதாமே? கழுகு எழுதியிருக்காரு. கொழந்த வாய் தெறந்து அர நிமிஷம் கழிச்சு சிரிக்குதாம்."

"அதையும் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். இரண்டு நாளும் வெறி பிடித்த மாதிரி வெட்டினாள். பதினேழு அறைகளின் சுவர்க்காகிதத்தை ஒரே காகிதமாக்கினாள். தோட்டத்து மரங்களில் பின்வரிசையைத் தட்டையான அட்டைகளாக்கினாள். சின்னக் கன்சோலில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு சத்தம்தான் கேட்கும். பதிமூன்றாவது வந்தால், இருப்பதில் முக்கியமில்லாத ஒன்று வாயை மூடிக்கொள்ள வேண்டும். எது முக்கியம் என்ற வரிசையை அவள்தான் எழுதினாள். குழந்தையின் குரல் முதலில். மழை, காற்று, படியின் கிறீச், அந்த அப்பாவின் மூச்சு எல்லாம் அதற்குக் கீழே.

பிறகு குரல் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முன்னும் பின்னும் கிடக்கும் வெற்று மௌனத்தை நறுக்க ஆரம்பித்தாள். பேசாத இடத்துக்கு எதற்கு மெமரி? ஒரு சிரிப்புக் கோப்பு இருந்தது. சிரிப்பு முடிந்த பிறகும் ஒன்பது நொடி நீண்டுகொண்டு போனது. நறுக்குவதற்கு முன், வழக்கப்படி, ஹெட்போனை அழுத்திக்கொண்டு அந்த ஒன்பது நொடியைக் கேட்டாள்.

துணி உரசும் சத்தம். ஒரு குட்டித் தும்மல். பிறகு, மைக்குக்கு மிக அருகில், ரகசியம் கேட்பதுபோல:

"அம்மா, போதுமா? வெளிய வரட்டுமா?"

அவளுக்கு ஞாபகம் வந்தது. அலமாரிக் கதவுக்கு வெளியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான். இன்னும் கொஞ்ச நேரம்டா என்று சொல்லியிருக்கிறாள். குழந்தையை அந்த இருட்டுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைத்திருக்கிறாள். சுற்றிலும் ஆட்கள் தட்டச்சிக்கொண்டிருக்க, திரையைப் பார்த்து, வாய்விட்டே சொன்னாள்.

"வாடா கண்ணு. போதும். வெளிய வா."

அந்த ஒன்பது நொடியை அவள் வெட்டவில்லை.

வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அதை எப்போது மெமரியிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு குறிப்பு இருக்கும். சோபாவுக்கு: கேமரா திரும்பியதும். கதவுக்கு: அறையை விட்டுப் போனதும். குழந்தைக்கும் குழந்தையின் எல்லாக் குரலுக்கும் அவள் அந்தக் கட்டத்தில் 'ஒருபோதும் இல்லை' என்று எழுதினாள். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுண்டு இனி அங்கேயே இருப்பாள். குரல் தாமதமாகாது. கணக்குத்தான் இடித்தது. இன்னும் பதினான்கு எம்பி.

மிச்சம் வெட்ட ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கேமில் எல்லா உருவத்துக்கும் இரண்டு வடிவம் உண்டு. அருகிலிருந்து பார்க்க ஒன்று. பத்தடிக்கு அப்பாலிருந்து பார்க்க, ஒப்புக்குச் செய்த மொட்டை வடிவம் ஒன்று. தூரத்து முகத்தில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருந்தீற்றல், வாய் இருக்கும் இடத்தில் ஒரு கோடு. விரல்களைப் பிரித்துக்கூடச் செய்திருக்க மாட்டார்கள். தூரத்தில் யார் எண்ணப்போகிறார்கள்? பெரிய கன்சோலில் கேமராவைப் பறக்கவிட்டுக் கிட்டே போய்ப் படம் பிடிக்கிற வசதி இருந்தது. சுண்டுவின் அருகு முகம் அதற்காகத்தான். சின்னதில் அந்த வசதியே இல்லை. பத்தடிக்குள் யாரும் எப்போதும் போகப்போவதில்லை. தொழில் தெரிந்த யாராக இருந்தாலும் யோசிக்காமல் வெட்டுகிற இடம் அது.

அவள் அதைத் திறந்து ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். புருவத்தில் மேஜை முனை கிழித்த வடு. நெற்றியில் வேர்வையில் ஒட்டிய மயிர்ச்சுருள். விழுந்துபோன முன்பல்லின் ஓட்டை. சிரிக்கும்போது நாக்கு நுனி அதன் வழியே எட்டிப்பார்க்கும். என் தலைக்குள்ளதான் இருக்கே, எங்க போயிடப்போகுது என்று சொல்லிக்கொண்டாள். நிரந்தரமாக நீக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றாள்.

அளவு சரியாக வந்தது. மேலாளர் வாசலிலேயே நின்று கைதட்டினார். கழுகு மட்டும் சாயங்காலம் அவள் மேஜைக்கு வந்து, இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தயங்கினார்.

"கேம் ஜோராப் போகுது மேடம். ஒண்ணுதான். அந்தக் கொழந்த இப்ப ஓடமாட்டேங்குது. நான் போற எடமெல்லாம் பின்னாலயே வருது. சரியா பத்தடி. திரும்பினா காணோம்."

"ஓடற கட்டளைய எங்கயாவது தொட்டுட்டேன்போல. நாளைக்குப் பாக்கறேன்."

"பாருங்க. எனக்கே ஒரு மாதிரி இருக்கு. பேத்தி இருக்கற வீடு."

அன்று வெளியே நல்ல மழை. குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். குடைத்துணியில் மழை பொரிகிற சத்தம், பேருந்துச் சக்கரங்கள் தண்ணீரைக் கிழிக்கிற சத்தம், எதிரே யாரோ போனில் உரக்கப் பேசிப்போகிற சத்தம், நனைந்த தார்ச்சாலையின் வாசனை. முனைக் கடை தாண்டியதும் மழை நின்றுவிட்டது என்று நினைத்துக் குடையை மடக்கினாள். தலையில் சடசடவென்று விழுந்து முகத்தில் வழிந்தது. மழை நிற்கவில்லை. அதன் சத்தம் மட்டும் நின்றிருந்தது.

அந்த மௌனத்தின் ஓட்டைக்குள், முதுகுக்குப் பின்னால், ஒரு குழந்தை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தது.

திரும்பினாள். நனைந்த சாலை. ஆளில்லை. மழை மறுபடி இரைந்தது.

கதவைத் திறந்ததும் கணவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தாள். அவன் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு உபயோகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தான். சத்தத்தோடு சம்பந்தப்பட்ட எந்த வேலையும் அவன் இப்போது செய்வதில்லை. ஈரத்தலையோடு நின்று அவள் கேட்டது வேறு.

"சுண்டுக்கு விழுந்தது எந்தப் பக்கத்துப் பல்லு?"

"எந்தப் பல்லு?"

"முன்பல்லுப்பா. தலகாணிக்கு அடியில வச்சாளே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். யோசித்தான். முகத்தில் முதலில் குழப்பம், பிறகு பயம். "அவளுக்குப் பல்லு விழுந்துதா?"

மூன்று வருஷமாகத் தொடாத ஆல்பத்தை இருவரும் சோபாவில் வைத்துப் புரட்டினார்கள். ஊஞ்சலில் சுண்டு, நாய்க்குட்டியோடு சுண்டு, பிறந்தநாள் தொப்பியோடு சுண்டு. எல்லாப் படத்திலும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எல்லாப் படமும் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்ததாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த வடுவைத் தேடினாள். வலது புருவமா, இடதா? வடு இருந்ததா? தலைக்குள் ஒரு முகம் வந்தது, வந்து தூரத்திலேயே நின்றது. கிட்டே வரவில்லை. ஆல்பத்தை மூடிவிட்டு அவள் ஓவென்று அழுதாள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் அலுவலகத்துக்கு ஓடி, பெரிய கன்சோலில் கேமைப் போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள்; அங்கேயும் முகம் தெளியவில்லை. நீக்கியதைத் திரும்ப எடுக்கப் பார்த்தாள். இடம் மிச்சமாகட்டும் என்று பழைய பிரதிகளையும் முந்தின வாரம் துடைத்தெடுத்திருந்தது அவள் கைதான். கத்தரி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பளீரென்று வெயில். ஜன்னல் திரைகளை எல்லாம் அவனே ஒதுக்கிவிட்டிருந்தான். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாக அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். தோலிலிருந்து பீய்ச்சிய புளிப்பு வாசனை காற்றெல்லாம் இருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி லொடலொடவென்று ஆடியது, சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகியது, கீழ் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது நொடி வரைக்கும் சொன்னாள்.

அவன் கையில் சுளை அப்படியே நின்றது. "அதக் கேட்டியா? அந்தத் துண்ட நான்தான் விட்டு வச்சேன். வெட்ட மனசு வரல."

"எனக்கும் வரல."

"கேட்டுட்டு நீ என்ன பண்ணின?"

"வான்னு சொன்னேன்."

கீழ் வீட்டுப் பாத்திரச் சத்தம் நின்றது. கழுவி முடித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். ஃபிரிட்ஜ் நின்றது. அதுவும் நிற்பதுண்டு. பிறகு மின்விசிறி நின்றது.

அண்ணாந்து பார்த்தாள். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பாச்சை உருண்டை வாசனை வந்தது. ஆரஞ்சு வாசனையை அமுக்கிக்கொண்டு, மெதுவாக, படுக்கையறைப் பக்கமிருந்து. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது படுக்கையறை. அலமாரிக் கதவின் கீல் நீளமாக ஒரு முறை முனகியது.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, பின்னால், எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"என்ன? அங்க என்ன?" தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

இடது பக்கம் கண் போனது. சுவர்த் தட்டு, அதில் கடிகாரம், பூச்சாடி. மறுபடி அவனிடம் கண்ணைக் கொண்டுவந்தாள். ஏதோ உறுத்த, மறுபடி இடது பக்கம் பார்த்தாள். சுவர் வெறுமையாக இருந்தது. தட்டு இல்லை. ஆணி அடித்த தடம்கூட இல்லை.

புரிந்துவிட்டது. இந்த வேலையில் பதினோரு வருஷம். புரியாமல் எப்படி?

ஒருபோதும் எடுக்கக்கூடாத ஒன்று உள்ளே வந்துவிட்டது. அதற்கு இடம் வேண்டும். பார்க்காததெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது.

பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டியதே இல்லை. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது இருக்கும். அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கண் சிமிட்டாமல். அவனை மட்டும்.

அவன் கை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினான். உதடுகள் மறுபடி மறுபடி ஒரே வார்த்தையைச் செய்தன. அவளால் படிக்க முடிந்தது. என்னைப் பாரு. என்னையே பாரு.

பார்த்தாள். அவன் கண்ணோரத்துச் சுருக்கங்களை. விரல் நகத்தில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நாரை. இந்த மூன்று வருஷமும் பார்க்காமல் விட்ட அத்தனையையும்.

"இங்க இருக்கேன்" என்றது பின்னால்.

மணிக்கட்டில் அவன் பிடி இறுகியது.

"இங்க இருக்கேன்."

கண்ணில் நீர் கோத்து அவன் முகம் கலங்கியது. சிமிட்டவில்லை.

ஒரு குட்டித் தும்மல். பிறகு, காதுக்கு மிக அருகில், ரகசியம் கேட்பதுபோல:

"அம்மா, போதுமா? வெளிய வரட்டுமா?"

அவள் திரும்பினாள்.

மணிக்கட்டில் இருந்த சூடு போய்விட்டது. ஆரஞ்சு வாசனை போய்விட்டது. உட்கார்ந்திருந்த நாற்காலியும் போயிருக்க வேண்டும், ஏனென்றால் முழங்காலில் தரை பட்டது. பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. இனி எப்போதும் பார்க்கப்போவதில்லை.

நடைவழியின் கடைசியில், மத்தியான வெயிலில், சுண்டு நின்றிருந்தாள். தலை வலது தோள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. முகம் தூரத்தில் தெளிவாகத் தெரியவில்லை.

ஓடவில்லை. வந்தாள். அதே நடை, வலது காலை லேசாக உள்பக்கம் திருப்பி வைக்கிற அதே நடை. பத்தடி. எட்டடி. இப்போது தெளியும். ஆறடி. இப்போது. நாலடி.

தெளியவில்லை.

இரண்டு கருந்தீற்றல். ஒரு கோடு. மற்றதெல்லாம் மாவு பிசைந்து வைத்த மாதிரி.

அது அவள் எதிரே வந்து நின்று, தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தியது. விரல்கள் பிரிந்திருக்கவில்லை. அந்தக் கையை அவள் பிடித்தாள். குளிரவில்லை, சுடவும் இல்லை. தரையில் ஒரே ஒரு நிழல்தான் விழுந்திருந்தது, தலை சாய்ந்த சின்ன நிழல்.

"அம்மா, போதுமா?" கோடு அசையவில்லை.

"போதும்டா கண்ணு" என்றாள். கேட்கவில்லை. கட்டைவிரலை அந்தக் கோட்டின் மேல் வைத்து, விழுந்த பல்லின் ஓட்டையைத் தேடித் தடவினாள். வலது பக்கம். இடது பக்கம். வழவழவென்று இருந்தது. மறுபடி வலது பக்கம்.